நல்ல கதையைக் கெடுத்துப் பார்ப்பது எப்படி

இந்த அத்தியாயத்துக்கு உங்களுக்கு வேண்டியவை: ஒரு நல்ல சிறுகதை, ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், கொஞ்சம் கல் நெஞ்சு. கடைசிச் சாமானை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கு மிகவும் பிடித்த கதை ஒன்றை எடுத்து, நீங்களே அதைக் கெடுக்கப் போகிறீர்கள். ஒரு பத்தியைத் தூக்கி எறிவீர்கள், முடிவை முன்னால் கொண்டுவந்து போடுவீர்கள், ஆசிரியர் சொல்லாமல் விட்டதைச் சொல்லித் தொலைப்பீர்கள். எந்த இடத்தில் கை வைத்ததும் கதை செத்துப்போகிறதோ, அங்கேதான் ஆசிரியரின் கைவேலை இருக்கிறது.

"நிறையப் படி, எழுத்து தானாக வரும்" என்று புதிதாக எழுத வருகிறவர்களிடம் எல்லோரும் சொல்கிறார்கள். தானாக வராது. கதை நன்றாக இருக்க இருக்க, அது எப்படிச் செய்யப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நாம் கதாபாத்திரத்தோடு சேர்ந்து அழுதுகொண்டிருக்கும்போது, அழவைத்த வாக்கியம் எந்த இடத்தில் நின்றது என்று யார் பார்க்கிறார்கள்? மட்டமான கதையில் மட்டும்தான் வேலைப்பாடு துருத்திக்கொண்டு தெரியும். அதனால்தான் கெடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கரிவலத்தில் எரிந்த ஏடுகள்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயில் உள்ள ஊர். பாண்டிய மரபில் வந்த வரதுங்கராம பாண்டியரோடு தொடர்புடையது. அவரும் புலவர், அவருடைய உறவினரான அதிவீரராம பாண்டியரும் புலவர். அரசர் வீட்டு நூல்களெல்லாம் இந்தக் கோயிலில் சுவடிகளாக இருந்தன என்று கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடி வந்தார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் இருப்பதாகச் சொல்லி, அப்படியே செய்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு அங்கே கிடைத்த பதில். தன் வாழ்க்கை வரலாற்றில் இதை அவர் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் ஏடு தேடிப் போன கதைகளில் இதைவிட வயிற்றெரிச்சலான ஒன்று எனக்குத் தெரியாது.

எழுத்துப் பயிற்சி நூலில் இதை எதற்குச் சொல்கிறேன்? உ.வே.சா. எப்படிப் படித்தார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே நூலின் பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். ஏடு எழுதியவர்கள் கை தவறியும், புரியாமலும், சில சமயம் தங்களுக்குப் புரிந்தபடியும் பாட்டைக் கெடுத்து வைத்திருந்தார்கள். ஒரு பிரதியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். எது மூலம் என்று தீர்மானிக்க, ஒவ்வொரு சொல்லையும் அந்த இடத்தில் வைத்துப் பார்த்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று யோசித்தாக வேண்டும். பாடபேதம் பார்த்துப் பழகியவருக்கு, ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்பது விரல் நுனியில் வந்துவிடும்.

நமக்கு அந்த வசதி இல்லை. அச்சில் வந்த சிறுகதைக்கு ஒரே பிரதிதான். அதனால் கெட்ட பிரதியை நாமே தயார் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. முறை அவ்வளவுதான். மீதி எல்லாம் உதாரணம்.

உதாரணங்களுக்கு வெகுதூரம் போக வேண்டாம். கிழக்கே கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கரிசல் கிராமம். அந்த ஒரே ஊரில் பிறந்து, கூட்டாளிகளாக வளர்ந்து, இரண்டு பேருமே சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் கதைகளில் வரும் வெயிலையும் வேப்பமரத்தையும் விளக்க வேண்டியதில்லை. பொருள் தெரிந்த கதையாக இருந்தால், எப்படிச் சொன்னார் என்பதில் முழுக் கவனமும் போகும். நீங்கள் தஞ்சாவூர்க்காரராக இருந்தால் தி.ஜானகிராமனிலிருந்து தொடங்குங்கள், யாழ்ப்பாணத்துக்காரராக இருந்தால் உங்கள் ஊர்க்காரரிடமிருந்து.

முதல் பாடம்: 'கதவு'

கி.ரா.வின் 'கதவு' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பென்சில் வேண்டாம். சாதாரண வாசகராகப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு, கதையில் என்ன நடந்தது என்று ஐந்தாறு வரியில் நோட்டில் எழுதுங்கள். அநேகமாக இப்படி எழுதுவீர்கள்: ஏழைக் குடும்பம். தகப்பன் மணிமுத்தாறு பக்கம் வேலைக்குப் போயிருக்கிறான், பணம் வரவில்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். குளிர் காலம். கதவில்லாத வீட்டில் கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒருநாள் அந்த வீட்டுப் பிள்ளைகள் லட்சுமியும் சீனிவாசனும் அந்தக் கதவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது கதையைத் திறந்து, நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியர் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் சுருக்கத்தில் வராத ஒரு சங்கதி கதையின் முன்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும்: விளையாட்டு. பிள்ளைகள் கதவில் தொற்றிக்கொண்டு அதையே பஸ்ஸாக்கி ஆடுகிறார்கள், டிக்கெட் கொடுக்கிறார்கள், தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டிப் பார்க்கிறார்கள். உங்கள் சுருக்கத்தில் முக்கியமாக இருந்த குழந்தையின் சாவோ கதையில் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துபோகிறது.

கெடுக்கத் தொடங்குவோம். முதலில், விளையாட்டை எடுத்துவிட்டுத் தலையாரி வரும் இடத்திலிருந்து கதையை ஆரம்பியுங்கள். என்ன ஆகிறது? கதவு வெறும் பலகையாகிவிடுகிறது. ஜப்தி செய்யப்பட்ட ஒரு சாமான். வறுமையைப் பற்றிய செய்தி கிடைக்கிறது, கதை கிடைக்கவில்லை. கடைசியில் பிள்ளைகள் கதவைக் கட்டிக்கொள்ளும்போது நமக்கு ஒன்றுமே ஆகாது, ஏனென்றால் அந்தக் கதவோடு நாம் விளையாடவில்லை. முன்பகுதியில் கி.ரா. செய்தது குஷியான ஆரம்பம் போலத் தெரிந்தாலும், உண்மையில் அது முதலீடு. முடிவில் பிடுங்கப்போகும் பொருளை முதலில் நம் கையில் கொடுத்துப் பழக்கிவிடுகிறார்.

அடுத்து, குழந்தை சாகும் இடத்தை விரிவாக எழுதிப் பாருங்கள். உண்மையாகவே எழுதுங்கள், ஒரு பக்கம். தாய் ரங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழட்டும், அக்கம்பக்கத்தார் கூடட்டும்.

கரிவலத்தில் சில இளைஞர்களோடு உட்கார்ந்து இந்தப் பயிற்சியைச் செய்தபோது, ஒரு தங்கச்சி அந்தப் பக்கத்தை எழுதினார். விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவர். அவர் தமிழ் நன்றாக இருந்தது. வாசித்து முடித்ததும் அவரே தலையை நிமிர்த்திச் சொன்னார்:

"அண்ணாச்சி, நான் எழுதுனது நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குப் பொறவு கதவு எதுக்குன்னு தெரியலயே. அழுது முடிச்சாச்சில்லா?"

இதைவிடச் சரியாக எந்த விமர்சகரும் சொல்ல முடியாது. சாவு வீட்டில் அழுது தீர்த்துவிட்டால், கதவைக் கண்டதும் அழ ஒன்றும் மிச்சம் இருக்காது. கி.ரா. அந்தத் துக்கத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்து, செல்லரித்துக் கிடக்கும் ஒரு பலகை மேல் கொட்டுகிறார். பிள்ளைகள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கதவைப் பற்றித்தான் எல்லாம்.

மூன்றாவதாக ஒரு சின்னச் சேதம்: கதவைக் கண்டுபிடிக்கும் இடத்தில், பிள்ளைகளுக்குத் தம்பியின் நினைவு வந்தது என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துப் பாருங்கள். இலக்கணப்படி தப்பில்லை, உண்மையும்கூட. ஆனால் அந்த வாக்கியத்தைப் படித்ததும் வாசகருக்கு வேலை போய்விடும். இணைத்துப் பார்ப்பது அவர் வேலை. புதிதாக எழுதுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள். உங்கள் பழைய கதைகளை எடுத்துப் பாருங்கள், இருக்கும்.

ஆட்டத்தின் கடைசிக் காய்

கு.அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் பலரும் படித்திருப்பீர்கள், அல்லது யாராவது மேடையில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேடையில் சொல்லும்போது எல்லோரும் ஒரு இடத்தில்தான் தொண்டை அடைப்பார்கள்: தீபாவளிக்கு முந்தின நாள், உடம்பெல்லாம் சிரங்கோடு வந்த அநாதைப் பையனைத் தாயம்மாள் குளிப்பாட்டிச் சோறு போட்டு, வீட்டுக்காரருக்காக வாங்கி வைத்திருந்த துண்டை அவனுக்குக் கொடுக்கும் இடம். அது உருக்கமான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் உருக்கம் மட்டும் இருந்தால் அது நல்லொழுக்கப் பாடமாகப் போயிருக்கும்.

பென்சிலோடு படிக்கும்போது கதையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா? சட்டை, பாடப்புத்தகத்துப் படம் என்று போட்டி நீள்கிறது. பணக்கார வீட்டு ராமசாமி ஒரு பக்கம், தாயம்மாளின் மகள் மங்கம்மாளும் அவள் உடன்பிறந்தவர்களும் மறுபக்கம். படிக்கும்போது இது சும்மா பிள்ளைகளின் குறும்பு, பின்னணிக்காக எழுதியது என்று தோன்றும். இதை வெட்டிவிட்டுக் கதையைப் படியுங்கள். அநாதைப் பையன் வருகிறான், பெயர் ராஜா. தாய் அவனுக்கு அன்னமும் துணியும் தருகிறாள். மறுநாள் ராமசாமி, ஜமீனைச் சேர்ந்த தன் அக்காள் புருஷன் வந்திருப்பதை, ராஜா வந்திருக்கிறார் என்று பெருமையடிக்கிறான். எங்கள் வீட்டிலும் ராஜா இருக்கிறான் என்கிறாள் மங்கம்மாள். தொடக்கம் இல்லாவிட்டால் இது ஒரு சிலேடை, அவ்வளவுதான். அழகிரிசாமி எழுதியபடி படித்தால், மங்கம்மாள் அங்கே ஒரு தத்துவமும் பேசவில்லை, தாயின் கருணையைப் பாராட்டவும் இல்லை. நேற்றுத் தோற்ற ஆட்டத்தில் இன்று ஒரு காயை நகர்த்துகிறாள். அவளுக்கு அது வெற்றி. நமக்கு வேறு என்னவோ. கதாபாத்திரத்துக்கு ஒரு அர்த்தம், வாசகருக்கு வேறொரு அர்த்தம். இரண்டும் ஒரே வாக்கியத்தில். இதைக் கற்றுக்கொள்ள நான் பார்த்தவரை தமிழில் இதைவிட நல்ல பாடக்கதை இல்லை.

உங்கள் நோட்டில் எழுத வேண்டிய கேள்வி: கடைசி வாக்கியத்தைப் பேசுகிறவருக்கு, தான் என்ன பேசுகிறோம் என்பது எவ்வளவு தெரியும்? முழுவதும் தெரியும் என்றால் கதை பிரசங்கமாகும் ஆபத்து உண்டு.

யார் கண்ணில் தெரிகிறது

அதே அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. இந்தத் தலைப்பில் வந்த தொகுப்புக்குத்தான் 1970-இல், அவர் மறைந்த ஆண்டில், அகாதெமி விருது. பிள்ளைகளிடம் உயிரையே வைத்திருக்கும் ஒருவர் தன் வாயால் சொல்லும் கதை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டுவந்து தருவார். புத்தாண்டுக்கு அவர்களில் சிலருக்கு டைரி தருகிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. சாரங்கன் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்து, உபசரித்து, தானே வாங்கி வைத்திருந்த ஒரு டைரியை நீட்டி, தனக்கு அன்பளிப்பாகத் தந்ததுபோல் அதில் எழுதித் தரச் சொல்கிறான்.

சாரங்கன் பார்வையில் இதைத் திருப்பி எழுதுங்கள். இரண்டாவது பத்தியிலேயே கதை கையைவிட்டுப் போய்விடும். ஏங்கும் பிள்ளை, கவனிக்காத பெரியவர், பாவம் என்று ஆகிவிடும். ஏக்கம் வெளியே தெரிந்துவிட்டால் கடைசிக் காட்சிக்கு வேலையே இல்லை.

அழகிரிசாமி தேர்ந்தெடுத்தது தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒருவரை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நேசிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. அவர் சொல்லும் கதையிலேயே, போகிற போக்கில், சாரங்கன் ஓரமாக வந்து வந்து போகிறான். இரண்டாம் முறை படிக்கும்போது அந்த இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். முதல் முறை உங்கள் கண்ணிலும் அவன் படவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். கதைசொல்லியோடு சேர்த்து வாசகரையும் அதே குற்றத்தில் மாட்டிவைக்கிறார் ஆசிரியர். தன்மையில் எழுதினால் நெருக்கமாக இருக்கும் என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்வார்கள். நெருக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். தன்மைக் கதையின் பெரிய லாபம், 'நான்' பார்க்கத் தவறுவதை வாசகர் பார்க்க முடியும் என்பது.

வரிசையைக் கலைப்பது

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' எடுத்த எடுப்பில் செல்லம்மாளின் மரணத்தோடு தொடங்குகிறது. பிறகுதான் பின்னால் போய், சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவியோடு கழித்த நாட்களைச் சொல்கிறது. இதை நடந்த வரிசைப்படி மாற்றி வையுங்கள். கத்தரிக்கோலால் ஜெராக்ஸ் பிரதியை வெட்டி ஒட்டினாலே போதும், எழுதக்கூட வேண்டாம். இப்போது வாசகர் மனதில் பிழைப்பாளா மாட்டாளா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளை செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் தாண்டி அந்தப் பதிலைத் தேடி ஓடுகிறோம். புதுமைப்பித்தன் பதிலை முதலிலேயே கொடுத்து அந்த ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார். ஓட வேண்டிய அவசரம் இல்லாததால் பிள்ளை அடுப்பு மூட்டுவதையும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் நிதானமாகப் பார்க்கிறோம்.

இதே சோதனையைப் பூமணியின் 'வெக்கை' நாவலுக்குச் செய்யலாம். பதின்வயதுச் சிதம்பரம் அரிவாளை வீசுவதோடு நாவல் ஆரம்பிக்கிறது. காரணமெல்லாம் தகப்பனும் மகனும் ஒளிந்து திரியும்போது பேச்சில் வருகிறது. அதைத் தழுவி எடுத்த 'அசுரன்' படத்தைப் பார்த்தவர்கள் நாவலையும் வைத்துக்கொண்டு எது எங்கே மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். வேறொருவர் ஏற்கெனவே வரிசை மாற்றிக் கொடுத்த பிரதி அது, உங்களுக்கு உழைப்பு மிச்சம்.

பேச்சுத் தமிழ் எவ்வளவு

கரிசல்காட்டில் எழுத வருகிற எல்லோருக்கும் இந்த இடத்தில் கால் வழுக்கும். கி.ரா. வட்டார வழக்கில் எழுதினார், அகராதியே போட்டார். ஆகவே நாமும் எழுதுவோம் என்று பக்கத்துக்குப் பக்கம் 'ல' 'ள' குழப்பத்தோடு எழுதித் தள்ளுகிறார்கள். கி.ரா.வின் ஒரு பக்கத்தை எடுத்து, அதில் உச்சரிப்புக்காக வளைத்து எழுதிய சொற்களை மட்டும் திருத்திப் பொதுத் தமிழாக்கிப் பாருங்கள். கதை அவ்வளவாகக் கெடாது. பிறகு, உச்சரிப்பை அப்படியே விட்டுவிட்டு, அவர் பயன்படுத்தும் பண்டம், செடி, மாட்டின் நிறம், உறவுமுறை, வேலை ஆகியவற்றின் பெயர்களையெல்லாம் பொதுப் பெயராக மாற்றுங்கள். அப்போது கெடும். வட்டாரம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அழகிரிசாமியும் அதே இடைசெவல்தான். அவர் கதைசொல்லும் நடை பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான எளிய தமிழ். ஒரே மண், ஒரே சிநேகிதம், இரண்டு நடை. ஆக, ஊர் உங்கள் நடையைத் தீர்மானித்துவிடாது. தீர்மானிக்க வேண்டியது நீங்கள்.

காதால் படிப்பதும் இங்கே உதவும். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லித்தான் அனுபவிப்பார், கூட இருப்பவர்களையும் அனுபவிக்க வைப்பார். இடைசெவல்காரர்கள் இருவரும் அவரிடம் போய்ப் பழகியவர்கள். டி.கே.சி. கம்பனிடம் ரொம்பவும் உரிமை எடுத்துக்கொண்டு, காதுக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சொற்களைக்கூட மாற்றினார், பண்டிதர்களுக்குக் கடுங்கோபம். பதிப்பாசிரியராக அவர் செய்தது சரியில்லை என்பது என் கட்சி. ஆனால் எழுதக் கற்பவருக்கு அந்தத் துணிச்சல் வேண்டும். நோட்டுக்குள் கம்பனையும் திருத்தலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

நோட்டுக்கு வெளியே வராமல்

இந்தப் பயிற்சியில் ஒரு அபாயம் உண்டு. கெடுத்த பிரதி சில நேரம் உங்களுக்கே பிடித்துப்போய், சொந்தக் கதை என்று பத்திரிகைக்கு அனுப்பத் தோன்றும். தமிழ்ச் சிறுகதையின் பிறப்பிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. 1915-இல் வந்த வ.வே.சு.ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' மரமே சொல்லும் கதை. படித்துறையே சொல்லும் தாகூர் கதை ஒன்று அதற்கு முந்தியது; ஐயர் அதைப் பார்த்துத்தான் செய்தார் என்று விமர்சகர்கள் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். தழுவல் கூடாது, மொழிபெயர்ப்புத்தான் வேண்டும் என்று வாதாடிய புதுமைப்பித்தனின் ஆரம்பக் கதைகளிலேயே மாப்பசானின் தழுவல்கள் இருப்பதைப் பின்னால் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். இதனால் அவர்கள் மேதைமை குறைந்துவிடவில்லை. பயிலும் கை அப்படித்தான் பயிலும். ஆனாலும் இன்றைக்கு அதைச் செய்துவிட்டு எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் இருப்பது திருட்டு. உத்தியை எடுத்துக்கொள்ளலாம், கதையை எடுக்கக்கூடாது. 'அன்பளிப்பு' கற்றுத் தந்த உத்தி, தான் செய்வது தெரியாமல் கதை சொல்லும் 'நான்'. அதை வைத்துக்கொண்டு ஒரு ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் தன் தாயைத் தொலைத்த மகன் கதையை எழுதுங்கள். டைரியும் வேண்டாம், பையனும் வேண்டாம்.

இங்கிலீஷ் ஓரளவு தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி மொழிபெயர்ப்பு. அழகிரிசாமி கார்க்கியை மொழிபெயர்த்தார். க.நா.சு. நட் ஹாம்சனின் நாவலை 'நிலவள'மாகவும், செல்மா லாகர்லாவின் நாவலை 'மதகுரு'வாகவும் தமிழுக்குக் கொண்டுவந்தார். மொழிபெயர்க்கும்போது எந்த வாக்கியத்தையும் தாண்டிப் போக முடியாது. ஒரு அடைமொழி ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் தமிழில் போடவும் முடியாது. செகாவின் ஏதாவது ஒரு கதையில் இரண்டு பக்கம் செய்தால் போதும். பிரசுரத்துக்கு அல்ல என்பதால், அழகாக வர வேண்டும் என்ற கவலையும் இல்லை.

ஒரே ஆசிரியரிடம் வெகுநாள் இருக்காதீர்கள். கி.ரா.வை நாலு மாதம் படித்தால் உங்கள் கதைக்குள் தாத்தாக்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். அப்போது நேர் எதிர்த் திசையில் அசோகமித்திரனிடம் போங்கள். 'புலிக்கலைஞன்' கதையில் ஒரு சினிமா ஸ்டுடியோ அலுவலகத்தில் ஒருவன் புலியாகப் பாய்கிறான். பாய்ச்சலைச் சொல்லும் வரிகளில் வியப்புக்குறி ஏதாவது போட்டுப் பாருங்கள், அடைமொழிகளைக் கூட்டுங்கள். புலி பூனையாகிவிடும். ஆச்சரியத்தை எழுதும்போது குரலை உயர்த்தாமல் இருப்பது என்னவென்று அங்கே தெரியும்.

கேட்க ஒரு ஆள்

கெடுத்தும் மாற்றியும் பார்த்த பிறகு நீங்கள் சொந்தமாக எழுதும் கதைக்கு, அதே காரியத்தைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்ததாகச் சொல்லப்படும் அதிவீரராம பாண்டியர், நளன் கதையை 'நைடதம்' என்று தமிழில் பாடியவர். வடமொழியில் ஸ்ரீஹர்ஷர் பாடியதைக் கரைத்துக் குடித்துவிட்டுத் தமிழில் செய்த காவியம் அது. புகழேந்தி வெண்பாவில் பாடிய அதே நளன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, ஒரே சம்பவத்துக்கு யார் எவ்வளவு இடம் கொடுத்தார் என்று பார்ப்பது தனிப் பயிற்சி, செய்யுள் படித்துப் பழக்கமுள்ளவர்கள் செய்யலாம். 'நைடதம்' பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. எழுதி முடித்ததும் கரிவலத்துக்கு அனுப்பினாராம். வரதுங்கராமரின் மனைவி படித்துவிட்டு, முன்பகுதியில் இருந்த வேகம் பின்பகுதியில் இல்லை என்று சொல்லி அனுப்பினாராம். நடந்ததோ இல்லையோ, அப்படி ஒரு வாசகி கிடைப்பது பெரிய யோகம். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. எந்த இடத்திலிருந்து தளர்கிறது என்று சொன்னார்.

உங்கள் கதையைக் கேட்க உட்காருகிறவரிடம் கருத்துக் கேட்காதீர்கள். வீட்டில் மதினியோ, டீக்கடையில் கூட்டாளியோ, யாரானாலும் மரியாதைக்கு "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள். எந்த வரியில் அவர் செல்போனை எடுத்தார், எங்கே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார் என்பதை மட்டும் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். அடுத்த நாள் அந்தக் குறிகளுக்கு நேரே உள்ள பத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.